ஆறாம் சிலிண்டரின் மூலைத் துளை

இந்த 2018 ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரோக்கியதாஸ் வீட்டுக்கு வந்திருந்தான். மேல்பட்டாம்பாக்கத்துக்காரன். நான் போன வருடம் ஓய்வு பெற்ற எஞ்சின் பணிமனையில் இன்னும் எலெக்ட்ரீஷியனாக இருக்கிறான். காபியை வாங்கிக்கொண்டு கைப்பேசியை என் பக்கம் நீட்டினான்.

"போர்மேனே, நம்ம பிளாக்கு சினிமா ஸ்டார் ஆயிடுச்சு. பாருங்க, செவுரு முழுக்க நிக்குது."

பணிமனையில் புதிதாகச் சேருபவர்களுக்கு இப்போது பாதுகாப்பு வகுப்பு நடத்துகிறார்கள். சுவரில் பெரிதாகப் படம் காட்டிப் பாடம். தாஸ் அந்தச் சுவரைப் படம் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். டிப்பர் லாரி எஞ்சின் ஒன்றின் பிளாக், அதாவது எஞ்சினின் உடல். மூலையில் இருந்த ஒரு துளையைச் சிவப்பு அம்பு காட்டியது. கீழே இப்படி எழுதியிருந்தது: "2014. அளவுக்கு மீறி முறுக்கியதால் பெயர்ந்த மரை. காரணம்: ஒப்பந்தத் தொழிலாளியின் கவனக்குறைவு."

அதில் வருடம் ஒன்றுதான் சரி.

"வகுப்பு யாருப்பா எடுக்கிறது?" என்று கேட்டேன்.

"வேற யாரு? நம்ம நல்லசிவம் சார்தான். ரிட்டயர் ஆனாலும் ஆலோசகரா வர்றாரு. நல்லாத்தான் எடுக்கிறாரு. நடுவுல ஜோக்கெல்லாம் சொல்றாரு."

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பிளாக்கை நான் தொட்டிருக்கிறேன். அந்தத் துளைக்குள் விளக்கடித்துப் பார்த்திருக்கிறேன். அதன் அடியிலிருந்து என்ன வந்தது என்று எனக்குத் தெரியும், தாஸுக்குத் தெரியும், நல்லசிவம் சாருக்கு எங்கள் இருவரையும் விட நன்றாகத் தெரியும். அப்படி இருந்தும் நான்கு வருடம் கழித்து இது பாடமாகியிருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் திருவதிகை. சிறு வயதிலேயே கோயில் சுவர்க் கல்வெட்டுகளை எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியவன். கிடைத்த வரலாற்றுப் புத்தகங்களையெல்லாம் வாசித்திருக்கிறேன். வெட்டச் சொன்னவன் செய்த தவற்றைச் சொல்லும் கல்வெட்டு ஒன்றைக்கூட இதுவரை நான் பார்த்ததில்லை. நாள், கிழமை, கொடுத்த நிலம், எரித்த விளக்கு எல்லாம் துல்லியமாக இருக்கும். தவறு என்று ஒன்று இருந்தால் அது எப்போதும் வேறு யாருடையதாகவோதான் இருக்கும். அரசர்கள் காலத்து வழக்கம் என்று நினைத்திருந்தேன்.

கடலூரில் ஐடிஐ படித்தேன். சில வருடம் லாரி பட்டறைகளில் கை கறுத்தது. 1989இல் மந்தாரக்குப்பம் பக்கம் இருந்த இந்தத் தனியார் பணிமனையில் சேர்ந்தேன். சுரங்கத்து மேல்மண்ணை அள்ளிச் செல்லும் லாரிகளை ஒப்பந்தத்துக்கு ஓட்டும் முதலாளிகள், எஞ்சின் தேய்ந்ததும் எங்களிடம் அனுப்புவார்கள். நாங்கள் மொத்தமாகப் பிரித்துக் கழுவி, தேய்ந்ததை மாற்றி, மறுபடி கட்டிக் கொடுப்போம். 2004இல் போர்மேன் ஆனேன். தானே புயலில் கூரைத் தகடு பறந்து, மழைக்கு நடுவில் எஞ்சின்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற கதை ஒன்று உண்டு. அது இப்போது வேண்டாம்.

இந்தக் கதையில் இரண்டு பேர்.

ஒருவர் நல்லசிவம் சார், எங்கள் மேனேஜர். காங்கேயம் பக்கத்துக்காரர். நான் பார்த்த பொறியாளர்களில் வேலை தெரிந்தவர் என்று யோசிக்காமல் சொல்வேன். சட்டைக் காலருக்குள் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு, எண்ணெய்த் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்து பேரிங்கைத் தடவிப் பார்ப்பார். கழிவறை கழுவ வருகிறவர் உட்பட யாரையும் "நீ" என்று சொன்னதில்லை. திட்டவேண்டி வந்தால் குரல் இன்னும் இறங்கும். "அவசரப்படாதீங்க, இரும்பு எங்கயும் ஓடிப் போயிராதுங்க" என்பார். பிள்ளைகளின் பெயரை நினைவில் வைத்துப் பரீட்சை நேரத்தில் விசாரிப்பார். யாரை அறைக்குக் கூப்பிட்டாலும் முதலில் உட்காரச் சொல்வார், அப்புறம்தான் பேச்சு. அவரைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. கத்துகிற, கெட்ட வார்த்தை பேசுகிற ஒரு ஆள் இந்தக் காரியத்தைச் செய்திருந்தால் நானும் எப்போதோ மறந்திருப்பேன்.

இன்னொருவன் செல்வராசு, பிட்டர். கம்மாபுரம் பக்கத்துக் கிராமம். அவன் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள் நிலத்தின் விலையைப் பற்றி வாதாட ஒரு கோர்ட்டுப் படியாவது இருந்தது. அந்த நிலத்தில் நாற்று நட்டவர்கள் எந்தப் படியில் ஏறுவார்கள்? செல்வராசு ஒரு கான்ட்ராக்டர் மூலமாக எங்களிடம் வந்து பல வருடம் ஆகியிருந்தது. இங்கே ஒருவன் வேலைக்குப் போகிறான் என்றால் ஊர் கேட்கும் முதல் கேள்வி பர்மனென்டா கான்ட்ராக்டா என்பதுதான். பெண் கொடுப்பதும் வீடு வாடகைக்குக் கொடுப்பதும் அதைப் பொறுத்துத்தான். 2015 தை முதல் செல்வராசுவை நிரந்தரம் ஆக்குவதாக நல்லசிவம் சாரே சொல்லியிருந்தார். வாய் வார்த்தைதான். ஆனால் அவர் வாய் வார்த்தைக்கு எங்களிடம் மதிப்பு இருந்தது.

2014இல் காந்தி ஜெயந்தியும் ஆயுத பூஜையும் ஒரே நாளில், அக்டோபர் இரண்டாம் தேதி வியாழக்கிழமை வந்தன. அன்றும் மறுநாளும் விடுமுறை என்பதால் புதன்கிழமை மாலையே பணிமனையில் பூஜை வைத்துக்கொண்டோம். அப்போது ஒரு ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கட்டிக்கொண்டிருந்தோம். பிளாக்கின் துளைகளையெல்லாம் செவ்வாய்க்கிழமையே டேப் ஓட்டிச் சுத்தம் செய்து, காற்றடித்து, பாலித்தீன் ஷீட்டால் இறுக்கி மூடி, சுற்றிலும் கயிறு கட்டி வைத்திருந்தோம்.

துளை என்று நான் சொல்வது, மேலே மூடியாக உட்காரும் ஹெட்டைப் பிளாக்கோடு சேர்த்துப் பிடிக்கும் போல்ட்டுகள் இறங்கும் துளை. உள்ளே திருகு வரி வெட்டியிருக்கும். அதைத்தான் மரை என்போம். அந்த வரியை வெட்டவும் சுத்தம் செய்யவும் திருகி இறக்கும் கருவிதான் டேப். அடிப்பக்கம் மூடிய துளை. உள்ளே விழுந்தது தானாக வெளியே வர வழி கிடையாது.

முதலாளி குடும்பத்தோடு வரப்போகிறார் என்று சொன்னார்கள். நல்லசிவம் சார் வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். மூடிவைத்த பிளாக்கைச் சுற்றி வந்தார்.

"போர்மேன், இதென்னங்க, பொட்டலம் கட்டி வச்சாப்பல? இதை நடுவுல வச்சுத்தானுங்க பூஜை பண்றோம். ஷீட்டை எடுத்துருங்க."

"துளையெல்லாம் திறந்து கிடக்குது சார். தூசி விழும்."

"ஒரு மணி நேரத்துல என்னங்க விழப்போகுது?"

எடுத்தோம். பிளாக்கின் மேல்முகம் மேசைபோலத் தட்டையானது. முதலாளியின் மனைவி கொண்டுவந்த தட்டுகளை வைக்க இடம் தேடியபோது, "இங்கயே வைங்கம்மா, இதுதானுங்க நம்ம சாமி" என்று சொல்லி, நல்லசிவம் சார்தான் அந்த மேல்முகத்தில் வாழை இலையை விரித்தார். பொரி, பொட்டுக்கடலை, நாட்டு வெல்லத்தை உடைத்துப் போட்டுக் கலந்து, இலை கொள்ளாமல் குவித்தார்கள். சார் சந்தனத்தைக் குழைத்து மோதிர விரலால் பிளாக்கின் பக்கவாட்டில், ஆறாம் சிலிண்டர் மூலையில், பெரிய பொட்டாக வைத்தார். அதன் நடுவில் குங்குமம். கற்பூரம் காட்டினார். சந்தனத் தண்ணீரை மாவிலையால் தெளித்தார். அப்புறம் எல்லோரும் அந்த இலையிலிருந்துதான் கை கையாகப் பொரி அள்ளினோம். நானும் அள்ளினேன். இலை கிழிந்தது. சிரிப்பும் போட்டோவுமாக நல்ல மாலை அது.

பூஜை மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. வீட்டில் அரிவாள்மனைக்குக்கூடப் பொட்டு வைக்கிறவன் நான். என் குறை எல்லாம் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றித்தான்.

சனிக்கிழமை காலை வேலை தொடங்கியது. திங்கள் பக்ரீத் விடுமுறை, செவ்வாய்க்கிழமை எஞ்சின் வண்டியில் ஏறியாக வேண்டும். செல்வராசு மேல்முகத்தைத் துடைத்து, சிலிண்டர்களுக்குள் காற்றடித்துச் சுத்தம் செய்தான். பக்கவாட்டில் இருந்த பொட்டை மட்டும் துடைக்கவில்லை. பூஜைப் பொட்டை எங்களில் யாரும் துடைக்க மாட்டோம். எண்ணெயில் தானாகக் கரைந்து போனால் போகட்டும் என்று விட்டுவிடுவோம்.

திறந்து கிடந்த பிளாக் என்பதால் எல்லாத் துளைக்கும் இன்னொரு முறை டேப் ஓட்டிவிடலாம் என்று நான் சொன்னேன். நல்லசிவம் சார் மறுத்துவிட்டார்.

"செவ்வாக்கிழமையே ஓட்டியாச்சுங்களே. காத்து அடிச்சாப் போதுங்க. ஹெட்டை ஏத்துங்க."

செல்வராசு துளை துளையாகக் காற்றடித்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சில துளைகளிலிருந்து பொரி பறந்தது. "பசிச்சா எடுத்துக்கினு போலாம்ணா" என்று சிரித்தான். வறண்ட பொரி பறந்து வரும். வெல்லம் பட்டு ஒட்டியது வராது என்பது அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

ஹெட்டை ஏற்றி போல்ட்டுகளை முறுக்குவது சும்மா பலம் காட்டும் வேலை அல்ல. நடுவிலிருந்து தொடங்கி, மாறி மாறி வெளியே வர வேண்டும். முதலில் குறைந்த விசை, பிறகு கூடுதல். எவ்வளவு விசை என்று காட்டும் டார்க் ரெஞ்ச் இதற்கென்று இருக்கிறது. கடைசிச் சுற்றில் விசையைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு போல்ட்டையும் இத்தனை பாகை திருப்ப வேண்டும் என்று கணக்கு. செல்வராசு ஒவ்வொரு போல்ட் தலையிலும் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொள்வான். ஹெட்டில் அந்தக் கோடு வந்து சேர வேண்டிய இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் சேர்ந்தால் கையை எடுத்துவிடுவான். மற்றவர்கள் கண்மதிப்பில் செய்வார்கள். இவன் கோடில்லாமல் செய்து நான் பார்த்ததில்லை.

ஆறாம் சிலிண்டர் மூலை போல்ட் கடைசியாக வந்தது. பாதி தூரம் திரும்பியிருக்கும். நிறுத்தினான்.

"அண்ணா, இங்க வாங்களேன். கெட்டியா இருந்துது, இப்ப லேசா சுத்திக்கினே போவுது."

"கையை எடு. ஒண்ணும் பண்ணாதே."

நான் ரெஞ்சைப் பிடித்துப் பார்த்தேன். பிடிப்பில்லை. போல்ட்டின் கோடு நின்ற இடத்தில் ஹெட்டில் ஒரு குறி போட்டுவிட்டு, எல்லா போல்ட்டையும் வந்த வழியே தளர்த்தி ஹெட்டைத் தூக்கினோம். அந்த மூலை போல்ட் வெளியே வந்தபோது பிளாக்கின் மரையும் அதோடு கம்பிச் சுருளாக வந்தது. அதைப் பார்த்த தாஸ் சத்தமில்லாமல் சிலுவை போட்டுக்கொண்டான்.

வெல்டிங் கம்பியின் நுனியை வளைத்துத் துளையின் அடியில் கிண்டினேன். பழுப்பாக, கெட்டியாக ஒரு வில்லை பெயர்ந்து வந்தது. பொட்டுக்கடலை நசுங்கி மாவாகி, வெல்லமும் சந்தனத் தண்ணீரும் துளைக்குள் இருந்த எண்ணெயும் சேர்ந்து, போல்ட்டின் அழுத்தத்தில் புண்ணாக்காக இறுகியிருந்தது. மோந்து பார்த்தேன். வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

"கண்ணுல ஒத்திக்குங்க போர்மேனே, பிரசாதம்" என்றான் தாஸ்.

என்ன நடந்தது என்பது தொழில் தெரிந்த யாருக்கும் விளங்கும். போல்ட் இறங்க இடமில்லாமல் அந்த வில்லையின் மேல் முட்டி நின்றிருக்கிறது. டார்க் ரெஞ்ச் அதை ஹெட்டின் இறுக்கம் என்று நினைத்துச் சரியான விசையைக் காட்டியிருக்கிறது. கடைசிச் சுற்றில் இன்னும் திருப்பியபோது, போல்ட் துளையின் அடியில் காலை ஊன்றிக்கொண்டு மரையை அப்படியே பெயர்த்துவிட்டது. "அளவுக்கு மீறி" என்று சுவரில் எழுதியிருக்கிறார்கள். செல்வராசுவின் கோடு சேர வேண்டிய கோட்டுக்குப் பாதி தூரத்தில் நின்றிருந்தது. அளவைத் தொடுவதற்கு முன்பே பெயர்ந்த மரை அது.

நல்லசிவம் சாரைக் கூப்பிட்டோம். வந்தார், குனிந்து பார்த்தார், பக்கவாட்டில் நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்தார். அந்தப் படம்தான் இப்போது சுவரில் நிற்கிறது. வில்லையைக் கையில் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கினார். மூக்கருகே கொண்டுபோனார். ஹெட்டில் இருந்த கோட்டையும், பாதி தூரத்தில் நான் போட்ட குறியையும் பார்த்தார்.

"சரிங்க," என்றார். "பிளாக்கைக் காப்பாத்த முடியுமுங்களா?"

"முடியும் சார்."

"பண்ணுங்க."

வில்லையைத் திருப்பித் தரவில்லை. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மரை பெயர்ந்த துளையைச் சரிசெய்யும் முறை சொல்வதற்கு எளிது. பழைய துளையைப் பெரிதாகத் துளைத்து, அதில் புது மரை வெட்டி, உள்ளேயும் வெளியேயும் மரை உள்ள ஒரு எஃகு புஷ்ஷை அதற்குள் இறக்க வேண்டும். போல்ட் இனி அந்த புஷ்ஷைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் துளை ஒரு மயிரிழை சாய்ந்தாலும் போல்ட் சாயும், ஹெட் உட்காராது. ஆழம் கொஞ்சம் மீறினால் தண்ணீர் ஓடும் அறை உடையும், பிளாக் பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

ஞாயிற்றுக்கிழமை நானும் செல்வராசும் மட்டும் வந்தோம். முதலில் மற்ற எல்லாத் துளைகளையும் டீசலில் ஊறவைத்துக் கழுவி டேப் ஓட்டினோம். இன்னும் இரண்டு துளைகளில் ஒட்டிக்கொண்டிருந்த கடலை வந்தது. பிறகு ஒரு கனத்த இரும்புத் தகட்டில் துளையிட்டு, அதைப் பக்கத்துத் துளைகளில் போல்ட் போட்டுப் பிளாக்கின் மேல் இறுக்கினோம். டிரில் அந்தத் தகட்டின் துளை வழியாகத்தான் இறங்க வேண்டும். அப்போதுதான் அலையாது. டிரில் தண்டில் ஆழத்துக்கு ஒரு வளையம் கட்டினோம். வார்ப்பிரும்புக்கு எண்ணெய் விடுவதில்லை. அது சுருளாக வராது, கரித்தூளாக உதிரும். கொஞ்சம் துளைப்பது, எடுப்பது, தூளை உறிஞ்சுவது, மறுபடி துளைப்பது. டேப் ஓட்டும்போது அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். செல்வராசு ஓட்டினான். நான் நான்கு பக்கமும் மூலைமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

புஷ்ஷின் மேல் விளிம்பு பிளாக்கின் முகத்துக்கு ஒரு இழை கீழே நிற்க வேண்டும். மேலே தூக்கி நின்றால், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் வரும் கேஸ்கட் தகட்டைக் கிழிக்கும். வெளிமரையில் பிடிப்புப் பசை தடவி இறக்கி, விரலால் தடவிப் பார்த்து நிறுத்தினான். என்னையும் தடவச் சொன்னான். சரியாக இருந்தது.

பசை காய விட்டுவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தபோதுதான் கேட்டான்.

"அண்ணா, இது எம்மேல வருமா?"

"உம்மேல எப்படி வரும்? இலை போட்டவன் நீயா?"

"இல்ல, தைக்குப் பர்மனென்ட்னு வூட்ல சொல்லிட்டேன். எங்க ஆயா ஊரு பூரா சொல்லிட்டு வந்துடுச்சு. அதான் கேட்டேன்."

"போய் டீயைக் குடி. சாரே பொரியை மோந்து பாத்தாரு."

நான் அப்படித்தான் நம்பினேன்.

செவ்வாய்க்கிழமை ஹெட் ஏறியது. செல்வராசு கோடு போட்டான். எல்லாக் கோடும் சேர்ந்தன. எஞ்சின் வண்டியில் ஏறி, முதல் திருப்பலிலேயே உறுமி, நிற்காமல் ஓடியது. ஓடுகிறது என்று தெரிந்த பிறகுதான் எங்கள் இருவரையும் நல்லசிவம் சாரின் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள்.

"உக்காருங்க போர்மேன். செல்வராசு, நீங்களும் உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?"

டீ வந்தது. அப்புறம் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். செல்வராசு அதிக விசையில் முறுக்கியதால் மரை பெயர்ந்தது என்று எழுதியிருந்தது. நான் சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"சார், அது பாதி தூரத்திலேயே பெயர்ந்துபோச்சு. நீங்களே கோட்டைப் பாத்தீங்க. வில்லையை உங்க கையில கொடுத்தேன்."

"பாத்தனுங்க. இல்லீன்னு சொல்லலீங்களே."

"அப்ப இது என்ன?"

குரலை இறக்கினார். "போர்மேன், நான் பொரின்னு எழுதுனா முதலாளி என்னங்க நினைப்பாரு? அவங்க வீட்டம்மா கையால கொண்டாந்த தட்டுங்க அது. சாமி காரியத்துல குத்தம் ஆயிப்போச்சுன்னு மனசுல பட்டுட்டா, அதை யாராலயும் மாத்த முடியாதுங்க. லாரிக்காரங்களுக்கும் ஒரு காரணம் சொல்லணும். கான்ட்ராக்ட் ஆளுன்னு எழுதிட்டா அதோட முடிஞ்சுருமுங்க. செல்வராசுக்கு நான் வேற வழியில பாத்துக்கறனுங்க."

முதலாளியின் மனைவி தட்டுதான் கொண்டுவந்தார். இலையை எங்கே விரிப்பது என்று சொன்னவர் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். அதை நான் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. "டீ ஆறிருதுங்க" என்றார்.

செல்வராசு டீயைத் தொடவே இல்லை. "எழுதிக்குங்க சார்," என்றான். "தைய மட்டும் நிறுத்திடாதீங்க. அது ஒண்ணுதாங்க கேக்கிறேன்."

"நிச்சயமா பாக்கறனுங்க."

நான் கையெழுத்துப் போடவில்லை. நடந்ததைத் தனியாக எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பதிலும் இல்லை, கோபமும் இல்லை. மறுநாள் வழக்கம்போல என் மகளின் பரீட்சையைப் பற்றி விசாரித்தார்.

தை வந்தது. இரண்டு பேரை நிரந்தரம் ஆக்கினார்கள். இரண்டு பேருமே செல்வராசுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள். காரணம் கேட்கப் போனேன். "ரெக்கார்டுல ஒரு குறை இருக்குதுங்களே போர்மேன், நான் என்னங்க பண்ணட்டும்?" என்றார். அந்தக் குறையை எழுதிய கையை மேசைமேல் வைத்துக்கொண்டே சொன்னார்.

இதற்குமேல் ஒன்று இருக்கிறது. சம்பவத்தைத் தெரியாதவர்கள் என்னை நம்ப வேண்டுமென்றால் இதைத்தான் நான் சொல்ல வேண்டும். 2015இல் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் அறிவிப்புப் பலகையில் மேனேஜர் கையெழுத்தோடு ஓர் உத்தரவு வந்தது. பூஜை நேரத்தில் திறந்திருக்கும் எல்லாப் பிளாக்குகளின் துளைகளையும் ரப்பர் மூடியால் அடைக்க வேண்டும், பிளாக்கின் மேல் எந்தப் பொருளும் வைக்கக் கூடாது, பூஜைக்குப் பிறகு கட்டாயம் மறுபடி டேப் ஓட்ட வேண்டும். நல்ல உத்தரவு. ஒவ்வொரு சொல்லும் சரி. ஆனால் ஒரு கேள்வி. போன வருடம் மரை பெயர்ந்தது செல்வராசுவின் கைப்பலத்தால் என்றால், இந்த வருடம் துளையை மூடுவானேன்? மூட வேண்டியது பொரிக்கு என்றால், போன வருடத்துத் தாளைக் கிழிக்காதது ஏன்?

மூடி அடைக்கும் வேலை செல்வராசுக்கே வந்தது. அப்போதும் கான்ட்ராக்ட்தான். பூஜைக்கு முன்னால் எல்லோரும் சூழ்ந்து நிற்க, குந்திக்கொண்டு ஒவ்வொரு துளையாக அடைத்துக்கொண்டிருந்தான். வேட்டியோடு சார் வந்து நின்றார்.

"சார், இது எதுக்குங்க மூடுறோம்?" என்று தலை தூக்காமலே கேட்டான்.

"தூசி விழக்கூடாதுல்லங்க."

"போன வருசத்து தூசி கொஞ்சம் இனிப்பா இருந்துதுங்க சார்."

தாஸ் இருமுவதுபோலத் திரும்பிக்கொண்டான். சார் புன்னகையோடு கற்பூரத் தட்டைக் கையில் எடுத்தார். அவ்வளவுதான். எங்கள் பணிமனையில் அந்த விஷயத்தைப் பற்றி எல்லோர் முன்னாலும் சொல்லப்பட்ட ஒரே வாக்கியம் அது.

அடுத்த வருடம் செல்வராசு வேலையிலிருந்து நின்றுவிட்டான். இப்போது கம்மாபுரத்தில் சாலையோரம் ஒரு கொட்டகை போட்டு டிராக்டர் எஞ்சின் பார்க்கிறான். அறுவடைக் காலத்தில் வேலை நெரியும், மற்ற நேரத்தில் ஈ ஓட்டுவான். தாஸ் காட்டிய படத்தை என் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லி வாங்கி, மறுநாளே அவனைப் பார்க்கப் போனேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தான். கீழே இருந்த எழுத்தை மெதுவாகப் படித்தான்.

"எம் பேர போடல."

"போடல."

"போட்டிருந்தாகூட பரவால்ல அண்ணா. செல்வராசுன்னு ஒருத்தன், கை சரியில்லாதவன்னு போயிடும். கான்ட்ராக்டுன்னு போட்டாக்கா? உள்ள வர்ற பையன் எவன் கான்ட்ராக்ட்டோ அவன்லாம் இப்படித்தான்னு பாடம் நடத்துறாங்க."

நான் அதை யோசித்திருக்கவில்லை. ஒருவனுக்கு நேர்ந்த அநியாயம் என்று நினைத்துத்தான் கொதித்துக்கொண்டிருந்தேன். அந்த வகுப்பில் உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் கான்ட்ராக்டர் அனுப்புகிறவர்கள். வேலையில் கை வைப்பதற்கு முன்பே தங்கள் மேல் எழுதப்பட்ட குறையைச் சுவரில் பார்த்துத் தலையாட்டுகிறார்கள்.

செல்வராசு இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினான். அம்பைத் தாண்டி, பிளாக்கின் ஓரத்துக்கு நகர்த்தினான். பிறகு சிரித்தான்.

"இது இன்னா, பாருங்க."

பார்த்தேன். வீட்டில் மூன்று தடவை பார்த்தும் என் கண்ணில் படாதது. தாஸ் கண்ணிலும் படவில்லை. நம் ஊரில் பொட்டில்லாத எஞ்சின் எங்கே இருக்கிறது? கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. துளைக்கு ஒரு சாண் தள்ளி, பக்கவாட்டில், மோதிர விரல் அகலத்துக்குக் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். மேல்முகத்தைத் துடைத்த அன்று செல்வராசு துடைக்காமல் விட்டது.

இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் யாராவது அந்த வகுப்பில் உட்கார நேரலாம். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நல்லசிவம் சார் நன்றாகப் பாடம் நடத்துவார், கேள்வி கேட்பவர்களை அவருக்குப் பிடிக்கும், யாரையும் உட்கார் என்று அதட்ட மாட்டார். அதனால் பயப்பட வேண்டியதில்லை. அந்தப் படம் வரும்போது எழுந்து நில்லுங்கள். அவர் நம்மிடம் பேசும் அதே மரியாதையோடு, குரலை உயர்த்தாமல் கேளுங்கள்:

"சார், அம்புக்குப் பக்கத்துல ஒரு பொட்டு தெரியுதுங்களே, அது யாரு வச்சதுங்க?"